வரைபடத்தின் கீழ் மூலை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் கோபம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பும். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில், அரசாங்கத்தின் நிலத்தடி நீர் அலுவலகம் ஒன்றில் நான் ஜியாலஜிஸ்டாக இருந்தேன். கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். கூடத்தில் மேஜைகள், படுக்கையறையில் பீரோக்கள், சமையலறையில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் அம்மோனியா பெட்டி. பிரதி எடுக்கும் நாட்களில் எல்லோருக்கும் கண்ணில் நீர் வழியும். வெளியிலிருந்து வருகிறவர்கள், அலுவலகத்தில் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

அங்கே பெண் அதிகாரி நான் ஒருத்திதான். அதனால் கோபத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கைவசம் வைத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் தண்ணீர் எங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்து வரைபடம் போடுவது. அந்தக் கரையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதிலும் உப்புத் தண்ணீர்தான். இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் மேடு. மழை பெய்தால் நல்ல தண்ணீர் அந்த மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் தங்கி நிற்கும், பாலின் மேல் ஆடை நிற்பது மாதிரி. அந்தக் கரையில் இருக்கும் மீனவக் குப்பத்து ஜனங்கள் குடிப்பது அந்த ஆடையைத்தான். அளவாக மொண்டு குடித்தால் வருஷம் முழுவதும் வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஆடை கிழிந்து, கீழே இருப்பது மேலே வந்துவிடும். ஒரு தடவை உப்பு ஏறிய கிணறு மறுபடி நல்ல கிணறு ஆவதற்குள் பல மழைக்காலங்கள் போய்விடும்.

நான் அங்கே போனது ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த சமயம். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல் மேட்டில் ஏறிக் கடல் பக்கம் இறங்கியதும் ஜீப் புதைந்துவிட்டது. எங்கள் டிரைவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஜீப் புதைந்தால் அது என் குற்றம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தோண்டினார். அதிக ஆழம்கூடப் போகவில்லை, குழியில் தண்ணீர் ஊறி வந்தது. நான் வண்டியை மறந்துவிட்டுக் குழிக்குள் கையை விட்டேன். வாயில் வைத்துப் பார்த்தால் இளநீர் கணக்காக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தோண்டுங்க," என்றேன்.

"யம்மா, இப்ப வண்டிய எட்க்கணுமா, தண்ணி எட்க்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு," என்றார் டிரைவர்.

குப்பத்தின் உறைகிணறு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. குடத்தோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் நல்ல உயரமாக இருந்த ஒருத்தி, "இன்னா அண்ணாத்த, ஜீப்புக்குத் தாகமா கீதா?" என்று கேட்டாள். டிரைவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். கடைசியில் அந்தப் பெண்கள்தான் குடங்களை இறக்கி வைத்துவிட்டு வந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள். நான் ஒரு பாட்டிலில் குழித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன்.

மேட்டின் கடல் பக்கத்துச் சரிவில் எனக்குக் கிடைத்த ஒரே தண்ணீர் அதுதான். அதனால் அதையும் வரைபடத்தில் குறித்தேன். கிணறுகளுக்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம். அந்தக் குழிக்கு மட்டும் வெறும் வளையம். வரைபடத்தின் கீழ் மூலையில் வழக்கமாக ஒரு பெட்டி போடுவோம். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்பது அதில் இருக்கும். வளையத்துக்கு நேரே எழுதினேன்: "நாங்கள் தோண்டிய தற்காலிகக் குழி. மழைக்காலத்தில் பார்த்தது. கோடையில் மீண்டும் பார்க்க வேண்டும்." அதே பெட்டிக்குள், அதற்குக் கீழே, ஆய்வு செய்தவர், வரைந்தவர் என்று பெயர்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். டிராஃப்ட்ஸ்மேன் மையில் எழுதிக் கொடுத்த என் பெயரை ஒரு நாள் முழுக்க யாருக்கும் தெரியாமல் எடுத்து எடுத்துப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

கோடை வருவதற்குள் அந்த அறிக்கை வந்துவிட்டது.

சென்னைக்காரர் ஒருவர் அந்தக் கடற்கரையில் ஓட்டல் கட்டப் போவதாக இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள், குளிப்பார்கள், புல்தரை வேண்டும், பூச்செடி வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஆழ்குழாய் இறக்கி மோட்டார் வைக்க அனுமதி கேட்டிருந்தார். அதோடு ஒரு தனியார் ஆலோசகரின் அறிக்கையையும் இணைத்திருந்தார். எங்கள் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டு ஃபைல் வந்தது. அந்தப் பக்கம் போய் வந்தவள் என்பதால் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்தது என் வரைபடம்.

கோடுகள் புதிதாக இழுக்கப்பட்டிருந்தன. ஆனால் கரையின் வளைவு நான் போட்ட வளைவு. கால்வாய் ஓரத்தில் சேற்றில் கால் வைக்க முடியாமல் நான் காலியாக விட்ட இடம் அங்கேயும் காலியாகவே இருந்தது. மேட்டின் கடல் பக்கத்துச் சரிவில் ஒரு வட்டம், கறுப்பாக நிரப்பிய வட்டம். அதைப் பற்றி அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: இங்கே பழைய கிணறு ஒன்று உள்ளது, நேரில் சென்று பார்த்தோம், நீர் மிகவும் சுவையானது, ஆண்டு முழுவதும் வற்றுவதில்லை. ஆழ்குழாயை அதன் பக்கத்திலேயே இறக்கலாம் என்று சிபாரிசும் இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஜீப் சக்கரத்துக்காகத் தோண்டிய பள்ளத்தை நேரில் போய்ப் பார்த்து, தண்ணீரும் குடித்துவிட்டு வந்திருக்கிறார் ஒரு மகானுபாவர். சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. கீழ் மூலையைப் பார்த்தேன். பெட்டியே இல்லை. என் பெயர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். கடைசிப் பக்கத்தில் ஆலோசகரின் கையெழுத்து இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

அவரும் நானும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். மலை ஏற வேண்டும் என்றால் முதலில் ஓடுகிற ஆள். வெயிலில் நாங்கள் துவண்டு கிடக்கும்போது சினிமாப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடி எழுப்பி உட்கார வைப்பார். மதுராந்தகம் பக்கம் வேலைக்குப் போனபோது ஜீப் கவிழ்ந்து இடுப்பு எலும்பு நொறுங்கிப் போனது. பல மாதம் படுத்துக் கிடந்து தடியோடு எழுந்து வந்தார். அவருடையது தற்காலிக நியமனம். நடக்க முடியாத ஜியாலஜிஸ்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள். அரசாங்க வேலைக்குப் போன இடத்தில் அரசாங்க வண்டியில்தான் விழுந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதன் பிறகு வீட்டிலிருந்தபடியே தனியாருக்கு அறிக்கைகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்கு வரைபடப் பிரதிகள் போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்டால் ஒடித்துக் கொடுப்பது மாதிரி, பழகிய மனிதர், பாவம், கேட்கிறார், கொடுத்தார்கள்.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் அமைதியான மனிதர்; எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம்.

"சார், இது என் மேப்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா. உங்க மேப் மாதிரி தான் இருக்கு. அப்ப சரியா தான் இருக்கும். ஆட்சேபணை இல்லைன்னு எழுதி அனுப்பிடுங்க."

"சார், என் பேரை எடுத்துட்டு அவரு பேரைப் போட்டிருக்காரு."

"அம்மா, மேப்புக்கு சொந்தக்காரர் கவர்மென்ட். உரிமை எல்லாம் கவர்மென்ட்டுக்கு. உங்க வீட்டு பீரோல இருக்கற புடவையா, என்னுதுன்னு சண்டை போட?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வெயிலில் நடந்தது நான், கறுத்தது நான், சேற்றில் செருப்பைத் தொலைத்தது நான், உரிமை மட்டும் கவர்மென்ட்டுக்கு. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் உரிமை வேறு, பார்த்தது யார் என்பது வேறு. அந்த மணலைப் பார்த்த கண் கவர்மென்ட்டின் கண் இல்லையே, என் கண் அல்லவா? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

அன்று மாலையே ஆலோசகர் வீட்டுக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் சின்ன வீடு. திட்டுவதற்கான வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே நடந்தேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம், வாங்க! எவ்ளோ நாளாச்சு. இவரு உங்களப் பத்தி தான் எப்பவும் பேசிக்கினு இருப்பாரு."

உள்ளே அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். ஒரு கையால் மேஜையையும் இன்னொரு கையால் தடியையும் பிடித்து அவர் எழுந்ததைப் பார்த்ததும், நான் அடுக்கி வைத்திருந்ததில் பாதி சரிந்துவிட்டது. மீதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பையிலிருந்து அறிக்கையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியவில்லை. வரைபடத்தை ஆசையாக எடுத்து விரித்தார். "இது நான் போட்டது மேடம். இவருக்கு ரொம்ப நேரம் குந்திக்கினு வரைய முடியல. அதனால இப்பல்லாம் டிரேசிங் என் வேலை. ஜன்னல் கண்ணாடில ஒட்டி வெச்சி, வெளிச்சம் இருக்கும்போதே போட்டுடுவேன். எப்பிடி கீது?"

அழகாக இருந்தது. எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் போட்டதைவிட அழகாக இருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அந்த அம்மாள் பூரித்துப் போனார்.

"கீழ ஒரு பொட்டி இருந்திச்சே, அது தான் மேடம் எனக்கு ரொம்பப் புடிச்சிது. சின்னச் சின்ன எழுத்தா. இவரு தான் வாணாம்னு வெட்டிட்டுக் குடுத்தாரு. அதுல பேரெல்லாம் போட்டிருந்திச்சே, யாரு பேரு அது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு ஆராய்ச்சி பண்ணினவங்க பேரு. இன்னொண்ணு வரைஞ்சவரு பேரு," என்றேன்.

"வரைஞ்சவங்க பேரு கூடவா போடுவாங்க?"

"போடுவாங்க."

"அப்பிடியா!" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் காபி போட உள்ளே போனார்.

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவர், "திட்டுங்க மேடம்," என்றார். "வாங்கிக்க வேண்டியது தான்."

"என் பேரை வெட்டிட்டீங்களே."

"அத்தோட குடுத்தா ஆபீஸ்ல எனக்குக் குடுத்த ஆளுக்கு பேஜாரு. எனக்கும் பேஜாரு. அதான் வெட்டிட்டேன். மத்தபடி மேப்பு கவர்மென்ட்டுது தானே? உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல."

"இதைக் காலையிலேயே கேட்டாச்சு," என்றேன். "வெட்டின துண்டுல வேற என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சீங்களா?"

"இல்ல. உங்க பேரைப் பார்த்தேன். அதுக்கு மேல அந்தப் பக்கம் பார்க்க மனசு வரல. கத்திரிக்கோல எட்த்துட்டேன்."

எனக்குக் கோபத்தையும் மீறி அவர் மேல் பரிதாபம் வந்தது. துணிந்த திருடனாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டு வெட்டியிருப்பார். வெட்கப்பட்டவர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறார். பெயரும் விளக்கமும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால், ஒன்றை வெட்டியபோது இன்னொன்றும் போய்விட்டது.

"நீங்க கிணறுன்னு எழுதியிருக்கறது கிணறே இல்ல," என்றேன். "ஜீப் மாட்டிக்கிச்சுன்னு டிரைவர் தோண்டின குழி. அதுவும் மழைக்காலத்துல. கோடையில திரும்பப் பாக்கணும்னு அந்தத் துண்டுல தான் எழுதியிருந்தேன்."

"குழியா?" என்றார். "வெறும் வளையமா இருந்திச்சு. உங்க டிராஃப்ட்ஸ்மேன் ரொப்ப மறந்துட்டான்னு நெனச்சி நான் தான் ரொப்பச் சொன்னேன்."

"நேரில் சென்று பார்த்தோம்னு எழுதியிருக்கு."

"எல்லா ரிப்போர்ட்லயும் எழுதறது தான் மேடம் அது." தன் காலைப் பார்த்துக்கொண்டார். "நான் எங்க போயி எத்தப் பாக்கறது?"

பிறகு அவருக்குள் இருந்த பழைய ஜியாலஜிஸ்ட் விழித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலை அந்தக் கறுப்பு வட்டத்தில் வைத்து, "குப்பத்துக் கெணறு எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

"கூப்பிடு தூரம்."

"வேற கெணறு?"

"குடிக்கற மாதிரி வேற கிடையாது."

அவர் விரலை எடுக்கவே இல்லை. அந்த இடத்தில் மோட்டார் ஓடினால் குப்பத்துக் கிணறு எத்தனை கோடை தாங்கும் என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை என் பெயருக்காகக் கோபப்பட்டுக்கொண்டு வந்தவள், வண்டியைத் தள்ளிவிட்ட அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் குடத்தில் உப்புத் தண்ணீர் ஏறப் போகிறது. அந்த நினைப்பு வந்ததும் பெயர் விஷயம் கொஞ்சம் பின்னால் போய் நின்றது. மறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த அறிக்கை பொய் என்று நான் ஃபைலில் எழுதினால் கிணறு பிழைத்துவிடும். அவருடைய பிழைப்பு போய்விடும். அவரே திரும்பப் பெற்றுக்கொண்டால் ஓட்டல்காரர் ஏன் என்று கேட்பார். போய்ப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்? இரண்டு பேரும் யோசித்தோம். காபி வந்தது. அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த முறை எழுத்தை இன்னும் சின்னதாகப் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள், இடமே பதில் சொல்லட்டும் என்று ஃபைலில் ஒரு வரி எழுதினேன்: ஆலோசகரும் விண்ணப்பதாரரும் உடன் வர, கோடையில் இடத்தைப் பார்வையிட வேண்டும். அவருக்கும் சொல்லி அனுப்பினேன். வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

வந்தார். அக்னி நட்சத்திர வெயில். திருக்கழுக்குன்றம் வழியாக எங்கள் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. ஓட்டல்காரர் சஃபாரி சூட்டில் காரோடு காத்திருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. தண்ணீர் கிடைக்கும் என்று படித்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

சவுக்குத் தோப்பு வரைக்கும்தான் வண்டி போகும். டிரைவர் இந்த முறை ஒரு அங்குலம்கூட மணலில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து நடை. தடி ஊன்றுகிற இடமெல்லாம் மணலுக்குள் போயிற்று. அவர் தடியைப் பிடுங்கிப் பிடுங்கி ஊன்றி நடந்தார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். குடத்தோடு வந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அந்த உயரமான பெண்ணும் இருந்தாள். மேட்டைத் தாண்டிக் கடல் பக்கத்துச் சரிவுக்கு வந்ததும் அவர் நின்று மூச்சு வாங்கினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

ஓட்டல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மணலும் அடப்பங்கொடியும் தவிர எதுவும் இல்லை. "சார், நீங்க பார்த்த அந்தப் பழைய கிணத்தைக் காட்டுங்க," என்றார்.

அந்த உயரமான பெண் சும்மா இருப்பாளா? "இங்க ஏது கெணறு?" என்றாள். "ஜீப்பு தோண்டுன பள்ளத்தச் சொல்றியா? அது அப்பவே மண்ணு மூடிப்பூட்ச்சே!" மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

ஓட்டல்காரருக்கு ஜீப் விஷயம் புரியவில்லை. மண் மூடிப்போயிற்று என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். "ஓகோ, மணல் மூடிடுச்சா? இந்தப் பக்கம் அப்படி ஆகும் இல்ல சார்? நீங்க வந்தப்ப தெறந்து இருந்திருக்கும்."

வழி திறந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் பிழைத்துவிடும். அந்தக் கரையில் மணல் மூடிய கிணறுகள் நிஜமாகவே உண்டு. அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உதவி செய்யக் கூடாது என்பதற்காக இல்லை, எனக்கே அவர் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லித் தொலைக்கட்டும் என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது.

"இல்ல சார்," என்றார் அவர். "நான் இங்க வந்ததே இல்ல. இன்னிக்குத் தான் மொத தடவ வரேன்."

ஓட்டல்காரர் சிரித்தார், ஏதோ கேலி என்று நினைத்து.

"நெஜமா தான் சொல்றேன். இந்த மேப்பு நான் போட்டது இல்ல. இவங்க போட்டது. இவங்க நடந்தாங்க, இவங்க பார்த்தாங்க. நான் வூட்ல குந்திக்கினு அவங்க பேர வெட்டிட்டு எழுதினேன். இங்க கெணறு இல்ல. ஜீப்புக்காகத் தோண்டின குழி தான் இருந்திச்சு."

என் பெயரை எங்கே போட வேண்டும் என்று நான் சண்டை போட நினைத்தேனோ, அதைவிடப் பெரிய இடத்தில் போட்டுவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது வேண்டவே வேண்டாம் போல இருந்தது.

ஆலோசகரே டிரைவரைத் தோண்டச் சொன்னார். இந்த முறை டிரைவர் முணுமுணுக்கவில்லை. இடுப்பளவு போன பிறகுதான் ஈரம் தெரிந்தது, இன்னும் போனதும் தண்ணீர் கசிந்தது. அவர் மணலில் சிரமப்பட்டு உட்கார்ந்து, டிரைவர் கையிலிருந்து வாங்கி முதலில் தானே வாயில் வைத்தார். துப்பினார். ஓட்டல்காரரும் வைத்துப் பார்த்தார். அவரும் துப்பினார். கடல் தண்ணீருக்கு அண்ணன் தம்பி போல இருந்தது.

"இதை நம்பி இங்க குழாய் போட்டிருந்தீங்கன்னா உங்க ஓட்டல்லயும் இதான் வரும், அப்பால அந்தக் கெணத்துலயும் இதான் வரும்," என்றார் அவர், குப்பத்துப் பக்கம் கையைக் காட்டி.

ஓட்டல்காரர் கத்தவில்லை. "சார், இனிமே உங்களுக்கு யாரு வேலை குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டது போலத்தான் இருந்தது. பிறகு காருக்குப் போய்விட்டார்.

மணலில் உட்கார்ந்திருந்த ஆலோசகரால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அந்த உயரமான பெண் கிட்டே வந்து பார்த்தாள். "இன்னா நைனா, கால்ல இன்னா ஆச்சு உனுக்கு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் குடத்தைச் சாய்த்தாள். அவர் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். "நல்லா கீதும்மா," என்றார்.

"நம்ம கெணத்துத் தண்ணி. இன்னிக்கி நேத்தா குடிக்கிறோம்?" என்றாள் அவள்.

அந்த இடத்துக்கு அனுமதி வேண்டாம் என்று எழுதினேன். ஓட்டல்காரரே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கால்வாய்க்கு மேற்கே தூரத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டார். மேலதிகாரிக்கு ஃபைல் மூடியதில் சந்தோஷம். அலுவலகத்திலிருந்து பிரதி எப்படி வெளியே போயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்பது என் ஊகம்.

ஆலோசகருக்குத்தான் கஷ்டம். ஓட்டல்காரர் சொன்னது போலவே வேலை வருவது நின்றுவிட்டது. நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காபியில் பால் குறைந்துகொண்டே வந்தது. நான் கவனிக்கவில்லை என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்ன மனிதருக்கு இப்படி ஆகிறதே என்று யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டு வீடு திரும்புவேன்.

பிறகு வேடந்தாங்கல் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர், எங்கோ இந்தக் கதையைக் கேள்விப்பட்டு, "இல்லாததை இல்லன்னு சொல்ற ஆளு வேணும்" என்று அவரைத் தேடிக்கொண்டு வந்தார். மாட்டு வண்டியில் மெத்தை போட்டு அவரைத் தோப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினாராம். அந்த அறிக்கை, ஏதோ கடன் விண்ணப்பத்தோடு, எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

வரைபடத்தை விரித்ததும் என் கண் கீழ் மூலைக்குத்தான் போயிற்று. பெட்டி இருந்தது. நிரப்பிய வட்டம்: நான் நேரில் பார்த்தது. வளையம்: பிறர் பார்த்துச் சொன்னது, சொன்னவர் பெயருடன். கேள்விக்குறி: இன்னும் யாரும் பார்க்காதது. தோப்பின் மேற்கு மூலையில், வண்டி போக முடியாத இடத்தில், கேள்விக்குறிகளாக இருந்தன.

அதற்குக் கீழே ஆய்வு செய்தவர் என்று அவர் பெயர். அதற்கும் கீழே, வரைந்தவர். அங்கே அந்த அம்மாளின் முழுப் பெயர் இருந்தது. வரைபடத்தில் மற்ற எழுத்துகளெல்லாம் அச்சில் வார்த்தது போலச் சீராக இருந்தன. தன் பெயரை எழுதும்போது மட்டும் கை நடுங்கியிருந்தது.